கம்பிப் பதம்

மதுரை

அன்புள்ள மாப்ள,

உன் கடிதம் வந்து மூன்று வாரம் ஆகிவிட்டது. மருமகன் பி.பார்ம் முடித்து உன்னோடு மருந்துக் கடையில் உட்கார்ந்துவிட்டான் என்பதை வீட்டில் எல்லோருக்கும் வாசித்துக் காட்டினேன். உடனே பதில் எழுதாததற்குக் காரணம் இருக்கிறது. போனில் 'ஏன்டா குரல் ஒரு மாதிரி இருக்கு' என்று கேட்டாயே, அதற்கும் அதே காரணம்தான். போனில் சொல்ல வரவில்லை.

போன மாதம் ஐசியூவிலிருந்து எங்கள் லேபுக்கு ஒரு சீழ் சாம்பிள் வந்தது. மேலூர்ப் பக்கத்து விவசாயி. ஐம்பது தாண்டியவர், பல வருஷச் சர்க்கரை. ஈரலில் கட்டி. மறுநாள் காலை, கிருமி வளர்க்கிற பிளேட்டைத் திறந்தால் இளஞ்சிவப்பாக, பெரிது பெரிதாக, ஈரப் பளபளப்போடு வளர்ந்து கிடந்தது. லூப் கம்பியால் தொட்டு மெல்லத் தூக்கினேன். நூல் வந்தது. உங்க அம்மா மைசூர்பாகுக்குப் பாகு காய்ச்சும்போது இரண்டு விரலால் தொட்டுக் கம்பிப் பதம் பார்ப்பார்களே, அப்படியே. அஞ்சு மில்லிமீட்டர் நூல் இழுத்தாலே சந்தேகப்படச் சொல்வார்கள். இது அறுந்துபோகாமல் வந்துகொண்டே இருந்தது.

வளர்ந்திருந்தது கிளெப்சியெல்லா. நமக்குப் புதிதில்லை. நிறையப் பேர் குடலில் சும்மா இருக்கிற கிருமி. சிறுநீர்க் குழாய், வென்டிலேட்டர் என்று உடம்புக்குள் வழி கிடைத்தால்தான் தொல்லை. ஆனால் அதில் வீரியம் கூடிய ஒரு வகை உண்டு. 1986-ல் தைவானில் முதலில் எழுதினார்கள். நன்றாக நடமாடிக்கொண்டிருக்கிற ஆளுக்கே ஈரலில் கட்டி வரவைக்கும். அங்கிருந்து கண்ணுக்கும் மூளைக்கும் போகும். அதன் மேல் வழவழவென்று தடித்த உறை இருக்கிறது. நம் வெள்ளையணுக்கள் அதைப் பிடித்து விழுங்கப் போனால் வழுக்கிவிடும். அப்புறம் இரும்புச் சத்து. எந்தக் கிருமிக்கும் இரும்பு வேண்டும், அதனால் நம் உடம்பு அதைப் புரதங்களுக்குள் பூட்டி வைக்கிறது. இந்த வகை, இரும்பைக் கவர்ந்து வருவதற்கென்றே சில பொருட்களைச் சுரந்து வெளியே அனுப்பும். சர்க்கரைக்காரர்கள்தான் இதற்கு அதிகம் அகப்படுகிறார்கள்.

பல வருஷத்துக்கு முன்னால் இப்படி ஒரு நூலை நான் முதல் தடவை பார்த்தபோது பயந்துதான் போனேன். மறுநாள், எந்த மருந்துக்குச் சாகும் என்று சென்சிடிவிட்டி பார்த்தால், ஆம்பிசிலின் ஒன்றைத் தவிர வைத்த மருந்து வட்டு ஒவ்வொன்றைச் சுற்றியும் பெரிய வெறும் வளையம். மற்ற எல்லா மருந்துக்கும் செத்தது. கட்டியில் குழாய் போட்டுச் சீழை இறக்கி, செப்ட்ரியாக்சோன் ஊசி போட்டார்கள். அந்த மனிதர் நடந்தே வீட்டுக்குப் போனார். படிக்கும் காலத்தில் எங்களுக்குச் சொல்லிக் கொடுத்ததும் அதுதான்: வீரியமுள்ள வகை மருந்துக்கு அடங்கும், மருந்துக்கு அடங்காத வகைக்கு வீரியம் இருக்காது. நான் லேபுக்கு வந்த பிள்ளைகளுக்கெல்லாம் அதையே சொல்லிக் கொடுத்தேன்.

மேலூர்க்காரரின் பிளேட்டில் ஒரு வளையம்கூட இல்லை. கடைசிக் கட்டத்துக்கென்று வைத்திருக்கிற மெரோபெனம் மருந்து வட்டின் விளிம்பு வரை வளர்ந்து ஒட்டிக்கொண்டிருந்தது. என் கை தவறோ என்று புது வட்டு வைத்து மறுபடி போட்டேன். அதே மாதிரிதான். கொலிஸ்டின் என்கிற மருந்தை வட்டு வைத்துப் பார்க்க முடியாது, திரவத்தில் தனியாகப் பார்க்க வேண்டும். அந்த முடிவை நான் எழுதி அனுப்பும்போது அவர் உயிரோடு இல்லை. வந்த நாளிலிருந்து அவர் மகன் லேப் வாசல் பெஞ்சிலேயே உட்கார்ந்திருந்தான். 'ரிசல்ட் வந்துருச்சாண்ணே' என்று என்னைத்தான் கேட்பான். அவனுக்கு நான் என்ன சொல்லியிருக்க முடியும்?

இந்த இரண்டு குணமும் எப்படி ஒரே கிருமிக்குள் சேர்ந்தன என்பதுதான் எனக்குத் தூக்கம் வராத விஷயம். வீரியத்துக்கான மரபணுக்கள் பெரும்பாலும் பிளாஸ்மிட் என்கிற தனி டி.என்.ஏ வளையத்தில் இருக்கின்றன. மருந்தை முறிக்கிற மரபணுக்களும் அப்படித்தான், இன்னொரு வளையத்தில். இந்த வளையங்களை ஒரு கிருமி இன்னொரு கிருமிக்குக் கொடுத்துவிடும். மெரோபெனத்தையே வெட்டிப்போடுகிற என்.டி.எம் நொதியை, 2008-ல் டெல்லியில் சிகிச்சை பெற்று ஸ்வீடன் திரும்பிய ஒருவரிடம் இருந்த கிளெப்சியெல்லாவில்தான் முதலில் கண்டுபிடித்தார்கள். அதற்கு டெல்லி பெயரை வைத்ததற்காக 2010-ல் இங்கே எவ்வளவு சத்தம் போட்டோம்! அந்தச் சத்தத்தில் நொதியைப் பற்றிய பேச்சு அமுங்கிப் போனது எனக்கு இன்றைக்கும் வருத்தம். 2016-ல் சீனாவில் ஹாங்சோ நகரத்து ஐசியூ ஒன்றில், மருந்துக்கு அடங்காத கிளெப்சியெல்லா வீரிய பிளாஸ்மிட்டையும் வாங்கிக்கொண்டு ஐந்து பேரைத் தாக்கியது. ஐந்து பேருமே இறந்தார்கள். 2024 ஜூலையில் உலக சுகாதார நிறுவனம் இந்த வகையைப் பற்றி எச்சரிக்கை விட்டபோது, அது தென்பட்டிருக்கிற நாடுகளின் பட்டியலில் இந்தியாவும் இருந்தது. எச்சரிக்கையைப் படித்தேன். ஆனால் அது என் பிளேட்டில் வந்து நிற்கும் என்று நினைக்கவில்லை.

பத்து நாள் கழித்து, அடுத்த கட்டிலில் இருந்த பையனின் ரத்தத்திலும் அதே நூல், வளையமே இல்லாத அதே பிளேட். ரிங் ரோட்டில் பைக் விபத்தில் தலையில் அடிபட்டு வந்தவன். வரும்போது அவனிடம் இந்தக் கிருமி இல்லை. அங்கேதான் வாங்கினான். கட்டிலில் தொங்க வேண்டிய கைகழுவும் மருந்துப் பாட்டில் அந்த வாரம் காலியாக இருந்தது, ஒரு நர்ஸ் நான்கு கட்டில்களுக்கு ஓடிக்கொண்டிருந்தார். இரண்டு மருந்தைச் சேர்த்துக் கொடுத்து எப்படியோ இழுத்துக் கொண்டுவந்தார்கள். அவன் அம்மா கழுத்துச் சங்கிலி அடகுக்குப் போனது. இப்போது கஞ்சி குடிக்கிறான்.

மாப்ள, நான் சொல்ல வந்தது இனிமேல்தான் இருக்கிறது. கோபப்படாமல் படி.

இந்த வளையங்கள் கைமாறுவதற்கு நல்ல இடம் நம் குடல்தான். அங்கே கோடிக்கணக்கான கிருமிகள் நெருக்கியடித்து இருக்கின்றன. சாதாரணக் காய்ச்சலுக்கும் சளிக்கும் 'ஒரு செட் மாத்திரை குடுங்கண்ணே' என்று உன் கடைக்கு வருகிறவருக்கு நீ காகிதத்தில் மடித்துக் கொடுக்கிற செட்டில் செபிக்சிம் என்கிற ஆன்டிபயாட்டிக் ஒன்றும் இருக்கிறது. நான் பார்த்திருக்கிறேன். சளிக்குக் காரணமான வைரஸை அது ஒன்றும் செய்யாது. குடலில் மருந்துக்குச் சாகிற நல்ல கிருமிகளைக் கொன்று, சாகாததுக்கு இடம் ஒதுக்கிக் கொடுக்கும். இரண்டு நாள் செட் முடிந்ததும் அந்த மனிதர் வயலுக்குப் போய்விடுவார். ஒதுக்கிய இடத்தில் குடியேறியது உள்ளேயே இருக்கும். என்றைக்காவது அவர் ஐசியூவுக்கு வரும்போது அதுவும் கூடவே வரும்.

மேலூர்க்காரர் காய்ச்சல் வந்ததும் முதல் ஒரு வாரம் இப்படித்தான் செட் செட்டாகப் போட்டிருக்கிறார். மகன்தான் சொன்னான்.

நீ நாணயமான ஆள். கொடுக்காவிட்டால் எதிர்க்கடைக்குப் போய் வாங்கிக்கொள்வார்கள் என்று நீ சொல்வாய், அதுவும் உண்மை. டாக்டருக்குக் கொடுக்கக் காசில்லாமல் உன்னிடம் வருகிறவர்கள் அவர்கள். ஆனால் 2014 மார்ச்சிலிருந்து செபிக்சிம், செப்ட்ரியாக்சோன் எல்லாம் ஹெச்1 பட்டியலில் இருக்கின்றன. டாக்டர் சீட்டு இல்லாமல் கொடுக்கக்கூடாது, தனி நோட்டில் எழுதி மூன்று வருஷம் வைத்திருக்க வேண்டும் என்று மருமகன் படித்திருப்பான். செட்டில் பாராசிட்டமால் வை, சளி மாத்திரை வை, ஆன்டிபயாட்டிக்கை மட்டும் எடுத்துவிடு. மூன்று நாளில் காய்ச்சல் விடவில்லை என்றால் உசிலம்பட்டி அரசு ஆஸ்பத்திரிக்குப் போகச் சொல்லி அனுப்பு. நீ சொன்னால் கேட்பார்கள், உன் மேல் அவ்வளவு நம்பிக்கை அந்த ஊருக்கு.

இன்னொன்று. உனக்கும் சர்க்கரை இருக்கிறது. குளிர் காய்ச்சலோடு வலது விலாவுக்குக் கீழே வலித்தால், கை நீட்டினால் கிடைக்கிறது என்று ஷெல்பிலிருந்து எதையும் எடுத்து வாயில் போட்டுக்கொள்ளாதே. நேராகக் கிளம்பி இங்கே வா. முதல் ஊசிக்கு முன்னால் ரத்தக் கல்ச்சர் எடுக்கச் சொல்லி நானே கூட நிற்கிறேன். மூன்று மாதச் சர்க்கரை கடைசியாக எப்போது பார்த்தாய்? போன தீபாவளிக்கு முன்னால் என்றால் இந்த வாரமே பார்த்து எழுது.

தங்கச்சிக்கு என் அன்பைச் சொல். மருமகனை ஒரு ஞாயிற்றுக்கிழமை இங்கே அனுப்பி வை. அந்த பிளேட்டுகளைப் போட்டோ எடுத்து வைத்திருக்கிறேன், பக்கத்தில் உட்கார வைத்துக் காட்ட வேண்டும்.

அன்புடன்,
சிம்மக்கல் மாடி அறையில் உன்னோடு பாய் பகிர்ந்தவன்