ஆண்டறிக்கை 2025: மாசக்கூட்டத்துக்கு எதுக்கு நேர்ல வரணும்?

நம்ம வியாபாரிங்க சங்கத் தலைவருக்கும் செயற்குழுவுக்கும், கடைய வேலையாளுங்ககிட்ட ஒப்படைச்சிட்டு இங்க வந்து உக்காந்திருக்குற எல்லா உறுப்பினர்களுக்கும் வணக்கம். போன பொதுக்கூட்டக் குறிப்பு ஏற்கனவே வாட்ஸ்அப்ல வந்திருக்கும், வரவு செலவை எனக்கு அப்புறம் பொருளாளர் வாசிப்பாரு, ஆடிட்டர்ங்க கையெழுத்து போட்டாச்சு, சங்கப் பதிவாளருக்கு போகவேண்டிய ஆண்டு அறிக்கை இந்தக் கூட்டம் முடிஞ்சதும் போயிடும். பொங்கல் ஒன்றுகூடல் நல்லா நடந்துச்சு, தீபாவளிக்கு முன்னாடி யாருக்கும் மூச்சு விட நேரமில்லாததால அந்த மாசக் கூட்டத்த ரத்து பண்ணோம், அவ்ளோதான்.

இந்த வருஷம் செயற்குழுவுல அதிக நேரம் பேசினது, சண்டைன்னே சொல்லலாம், ஒரே விஷயத்துக்குத்தான். மாசக்கூட்டம் இனிமே தேவையா? நம்ம இளைய உறுப்பினர்கள் சில பேர் கேட்டது ஞாயமான கேள்விதான். 2020-ல கோவிட்டுக்காக சிங்கப்பூர்ல சர்க்யூட் பிரேக்கர்னு ஊரடங்கு போட்டப்போ ஏப்ரல்லருந்து ஜூன் வரைக்கும் ஜூம்லதான கூடினோம், சங்கம் ஒண்ணும் மூழ்கிப் போகலையே, இப்ப வேற எதைக் கேட்டாலும் சாட்ஜிபிடி சொல்லுது, ஜிஎஸ்டி 9 சதவீதம் ஆனப்போ எப்படி பில் போடணும்னு அதுவே சொல்லிடுச்சு, அப்புறம் ஏன் ஃபேரர் பார்க் வரைக்கும் எம்ஆர்டி ரயில் புடிச்சு வந்து ரெண்டு மணி நேரம் உக்காரணும்னு கேட்டாங்க. மூத்தவங்க பக்கம் வந்த பதில், சொன்னா கோச்சுக்காதீங்க, பதிலே இல்ல. "நேர்ல பாக்குற மாதிரி வருமா தம்பி"ன்னு சொல்லிட்டு டீ குடிக்கப் போயிட்டாங்க.

அதனால ஏன்னு நானே கொஞ்சம் யோசிச்சு, உறுப்பினர்கள்கிட்டயும் கேட்டு எழுதியிருக்கேன்.

முன்னாடி ஒருத்தர் நல்ல ப்ரோஷர் அடிச்சிருக்காரு, வெப்சைட்ல விவரமா எழுதியிருக்காருன்னா, சரி இந்த ஆள் காசும் நேரமும் போட்டிருக்காரு, நாளைக்கே காணாமப் போக மாட்டாருன்னு ஒரு கணக்கு இருந்துச்சு. 2022 நவம்பர்ல சாட்ஜிபிடி வந்ததுக்கப்புறம் அந்தக் கணக்கு செல்லாமப் போச்சு. எழுத்துக்கு செலவே இல்ல, படத்துக்கும் இல்ல. நம்ம உறுப்பினர் ஒருத்தர் பொண்ணு கல்யாணத்துக்கு மூணு இடத்துல கேட்டரிங் விலை கேட்டிருக்காரு, மூணு பதில்லயும் "உங்கள் மறக்க முடியாத தருணத்தை மேலும் சிறப்பாக்குவோம்"னு ஒரே வரி, பிரியாணி படம்கூட அண்ணன் தம்பி மாதிரி இருக்கு. இதுல யாரு சட்டிய உண்மையிலயே அடுப்புல வெக்கிறவங்கன்னு எப்படி கண்டுபிடிக்கிறது? கேம்பல் லேன் பக்கம் துணிக்கடை வெச்சிருக்குற அக்கா சொன்னது இன்னும் மோசம். ஊர்லருந்து வர்ற புடவை கேட்டலாக்ல மாடல் பொண்ணும் நெஜமில்ல, சில சமயம் புடவையும் நெஜமில்ல, ஆர்டர் எடுத்துட்டு அப்புறமாத்தான் அந்த மாதிரி எங்கயாவது நெய்ய முடியுமான்னு பாக்குறாங்களாம். அவங்க இப்ப துணிய கையில தொட்டுப் பாக்காம ஒரு வெள்ளிகூட, அதாவது ஒரு டாலர்கூட, முன்பணம் கொடுக்குறதில்ல.

ஏமாத்து வேலை தனிக் கதை. மொதல்ல தமிழ்ல ஏமாத்து மெசேஜ் வந்தா ரெண்டாவது வரியிலயே தெரிஞ்சிடும், கல்லு கல்லா இருக்கும் அந்தத் தமிழ், படிச்சு சிரிச்சிட்டு அழிச்சிடுவோம். இப்ப என்னைவிட நல்ல தமிழ்ல வருது. 2024-ல சிங்கப்பூர்ல மோசடியில போன பணம் மட்டும் 110 கோடி வெள்ளி. அதே வருஷ ஆரம்பத்துல ஆரப்ங்குற எஞ்சினியரிங் கம்பெனியோட ஹாங்காங் ஆபீஸ்ல ஒரு ஊழியர் வீடியோ மீட்டிங்ல உக்காந்து, எதிர்ல தெரிஞ்ச பெரியவங்க எல்லாரும் டீப்ஃபேக், அதாவது ஏஐ செஞ்ச போலி உருவம்னு தெரியாம, 20 கோடி ஹாங்காங் டாலர் அனுப்பிட்டாரு. நம்ம ஊர்லயும் 2025 மார்ச்ல ஒரு பன்னாட்டு கம்பெனி நிதி இயக்குநருக்கு இதே மாதிரி ஜூம் மீட்டிங், போன பணம் கிட்டத்தட்ட 5 லட்சம் அமெரிக்க டாலர், நல்லவேளை போலீஸ் ஹாங்காங் போலீஸோட சேர்ந்து மீட்டுட்டாங்க. அவ்ளோ பெரிய கம்பெனிக்கே அப்படின்னா, வாட்ஸ்அப்ல "அண்ணே நான்தான், பேங்க் நம்பர் மாத்திட்டேன்"னு சப்ளையர் குரல்லயே வந்தா நம்ம என்ன பண்ணுவோம். இதுக்காக செயற்குழு ஒரு நடைமுறை வெச்சிருக்கு, இது இன்னைக்கே எல்லாருக்கும்: அக்கவுண்ட் நம்பர் மாறுதுன்னா ஏற்கனவே உங்க போன்ல இருக்குற நம்பருக்கு நீங்களா கூப்பிட்டுக் கேளுங்க, முடிஞ்சா போய்ப் பாருங்க, சந்தேகம்னா 1799-க்கு, ஸ்கேம்ஷீல்டுங்குற மோசடி உதவி நம்பருக்கு, போடுங்க.

இதெல்லாம் வெச்சுப் பாத்தா நேர்ல கூடுறதுக்கு மதிப்பு ஏறிடுச்சுன்னு சொல்லத் தோணும். நான் பாதிக்குத்தான் ஒத்துக்குவேன். ஏன்னா கூட்டத்துலயும் ஏஐ வந்து உக்காந்துருச்சே! இந்த வருஷம் ஒரு மாசம் வெளியிலருந்து ஒரு பேச்சாளர கூப்பிட்டிருந்தோம், யாருன்னு சொல்லல. ஸ்லைடு போட்டு முக்கா மணி நேரம் பேசினாரு, "இன்றைய வேகமாக மாறிவரும் உலகில்"னு ஆரம்பிச்சப்பவே பின்வரிசை போனை எடுத்துடுச்சு. அந்தப் பேச்ச வீட்டுல சோபாவுல படுத்துக்கிட்டு ஏஐகிட்ட கேட்டிருந்தா அதே பதில் வந்திருக்கும், எம்ஆர்டி காசு மிச்சம். மேடையில ஒருத்தர் பேச நூறு பேர் கேக்குற கூட்டத்தோட மதிப்பு கீழதான் போகும்னு நினைக்கிறேன். பெரிய நிகழ்ச்சிங்களுக்கு கூட்டம் குறையலங்குறது உண்மைதான், 2016-ல ஆரம்பிச்ச சிங்கப்பூர் ஃபின்டெக் ஃபெஸ்டிவல்ங்குற நிதித் தொழில்நுட்ப மாநாட்டுக்கு 2023-ல 66,000 பேர் வந்தாங்க, ஆனா அதுக்கு ஏஐதான் காரணம்னு சொல்ல முடியாது, கோவிட்ல அடைஞ்சு கெடந்தவங்க வெளிய வந்த வேகமும் அதுல இருக்கு. போனவங்கள கேட்டுப் பாருங்க, மேடைப் பேச்சு எதையும் ஞாபகம் வெச்சிருக்க மாட்டாங்க, காப்பிக்கு லைன்ல நின்னப்போ யாரப் பாத்தாங்கன்னு மட்டும் சொல்லுவாங்க.

வருஷ நடுவுல கூட்டத்த மாத்தினோமே, அதுக்குக் காரணம் இதுதான். பேச்சு பத்து நிமிஷம், மிச்சம் முழுக்க மேசை. ஒரு மேசையில ஒரே தொழில்காரங்க ரெண்டு பேர் கிடையாது. அவங்கவங்க தேவைய சொல்லணும், யாரையாவது சிபாரிசு பண்றதா இருந்தா தான் காசு கொடுத்து வேலை வாங்கின ஆளை மட்டும்தான் பண்ணணும், "கேள்விப்பட்டேன்" செல்லாது. சாமான் விக்கிறவங்க சாம்பிள் கொண்டு வரணும். மொத மாசம் எல்லாரும் நெளிஞ்சாங்க, அப்புறம் ஹால் மூடணும்னு சமூக மன்றத்துல லைட்ட அணைச்சு அணைச்சு காட்டுற வரைக்கும் எந்திரிக்கல.

ஒரு உதாரணம். தூத்துக்குடியிலருந்து முறுக்கு, சேவு இறக்கலாம்னு நெனச்ச நம்ம தம்பி ஒருத்தர் ஏஐகிட்ட கேட்டு அழகா ரெண்டு பக்கம் பிரிண்ட் எடுத்துட்டு வந்தாரு. அதுல, முன்னாடி உணவு இறக்குமதிய பாத்துக்கிட்ட அரசு அமைப்பான ஏவிஏகிட்ட பதிவு பண்ணுங்கன்னு போட்டிருக்கு. ஏவிஏ 2019 ஏப்ரல்லயே இல்லாமப் போச்சு, உணவு விஷயம் எல்லாம் இப்ப எஸ்எஃப்ஏ, அதாவது சிங்கப்பூர் உணவு அமைப்பு. இத கூகுள் பண்ணியும் திருத்திக்கலாம், அது பெருசில்ல. பக்கத்துல உக்காந்திருந்த சரக்கு ஃபார்வர்டிங் அண்ணன் அந்தப் பேப்பர மடிச்சு வெச்சிட்டு, ஒவ்வொரு தடவை சரக்கு வரும்போதும் தனியா பெர்மிட் எடுக்கணும், லேபிள்ல பொருள் விவரத்த இங்கிலீஷ்ல போடாம அனுப்புவாங்க, அத அங்கயே கேட்டு வாங்கு, மொத தடவை கன்டெய்னர் எல்லாம் போகாத, நூறு கிலோல ஆரம்பி, உங்க அப்பா என்கிட்ட அனுப்பின சரக்கு எங்க மாட்டிச்சுன்னு எனக்குத்தான் தெரியும்னாரு. பெர்மிட், லேபிள் விதி தவிர மத்தது எங்கயும் எழுதி வெச்சிருக்குற விஷயம் இல்ல, எழுதினாலும் அந்த அண்ணன் சொன்னதாலதான் அந்தத் தம்பி கேட்டாரு, ஏன்னா தப்பா சொன்னா அடுத்த மாசம் அதே மேசையில அவரு முகத்துல முழிச்சாகணும்.

தலைவர் இதுக்கு கிட்டங்கிய, அதாவது செட்டியாருங்க சேந்து தொழில் பண்ண கூடத்த, ஞாபகப்படுத்தினாரு. அந்தக் காலத்துல மார்க்கெட் ஸ்ட்ரீட்ல செட்டியாருங்க ஒரே கிட்டங்கியில ஆளுக்கு ஒரு பெட்டிய வெச்சுக்கிட்டு பக்கத்து பக்கத்துல உக்காந்துதான் வட்டித் தொழில் பண்ணாங்க, மேலாளு, அடுத்தாளு, பெட்டியடிப் பையன்னு எல்லாரும் அங்கதான், யாரு கடன் கேட்டு வந்தாலும் அடுத்த பெட்டிக்காரருக்கு தெரிஞ்சிடும். எனக்கும் புடிச்ச கதைதான், ஆனா அதையே புடிச்சு தொங்கக்கூடாது. நேர்ல பாத்தா யாரும் ஏமாத்த மாட்டாங்கன்னு நெனச்சிடாதீங்க, கூட்டுச் சீட்டு போட்டு பணத்த விட்டவங்க இந்த ஹால்லயே இருக்கீங்க, அவங்ககிட்ட சீட்டு பிடிச்சவரும் நேர்ல வந்து தே தாரிக் டீ வாங்கிக் கொடுத்த ஆளுதான். முகம் போதாது, ஒருத்தர் தன் பேர வெச்சு சொல்லணும், சொன்னது தப்பாப் போனா அவரக் கேக்க ஒரு எடம் இருக்கணும், அது இருந்தாத்தான் நேர்ல கூடுறதுக்கு அர்த்தம்.

இளைய உறுப்பினர்கள் சொன்ன இன்னொண்ணு எனக்கு உறுத்திக்கிட்டே இருக்கு. நேர்ல வந்தாத்தான் மதிப்புன்னா வர முடியாதவங்க கதி? தனியா கடை பாக்குறவங்க, வீட்டுலருந்து கேக் செஞ்சு விக்கிற பொம்பளைங்க, ராத்திரி டெலிவரி பண்றவங்க, இவங்க எந்த மேசையிலயும் இல்ல, அதே பழைய முகங்கதான் திரும்பத் திரும்ப சிபாரிசு வாங்கிக்குது. இதுக்கு என்கிட்ட முழுசா பதில் இல்ல. சாப்பாட்டுக் கடைக்காரங்க மத்தியானம் மூணு மணிக்கு மேல கொஞ்சம் ஃப்ரீயா இருப்பாங்கன்னு ரெண்டு மாசத்துக்கு ஒரு தடவை மூணு மணிக்கு வெச்சுப் பாத்தோம், புது ஆளுங்க வந்தாங்க, ஆனா ஆபீஸ் வேலை பாக்குறவங்க திட்டினாங்க.

அறிவிப்பு விஷயத்துல ஒண்ணு. 2024 ஹாலோவீன் ராத்திரி டப்ளின்ல இல்லாத ஒரு ஊர்வலத்துக்கு பெரிய கூட்டம் வந்து தெருவுல நின்னுச்சு, ஏஐ வெச்சு எழுதி ஓட்டுற ஒரு வெப்சைட் போட்ட தகவல் அது. நம்ம சங்கம் பேர்ல வர்ற எந்த அழைப்புலயும் இனி ஒரு செயற்குழு உறுப்பினர் போன் நம்பர் இருக்கும், இல்லன்னா அது நம்மளது இல்ல. போஸ்டருக்கு ஏஐ படம் வேணாம்னு நான் சொல்லல, ஆனா பொங்கல் போஸ்டர்ல பானைமேல இருந்த எழுத்து தமிழும் இல்ல, சைனீஸும் இல்ல, கும்பிட்டு கேட்டுக்குறேன், அனுப்புறதுக்கு முன்னாடி ஒருத்தர் படிச்சுப் பாருங்க.

தீர்மானம் ரெண்டு. ஒண்ணு, ஜிஎஸ்டி, ஸ்கில்ஸ்ஃபியூச்சர் திறன் பயிற்சித் திட்டம் மாதிரி வெறும் தகவல் சொல்ற பேச்செல்லாம் ஆன்லைனுக்குப் போகுது, ரெக்கார்டிங் எல்லாருக்கும் வரும், நேர்ல கூடுறது மேசைக்கு மட்டும். ரெண்டு, ஒரு மாசம் சாயந்திரம், ஒரு மாசம் மத்தியானம்னு மாத்தி மாத்தி, வர முடியாத உறுப்பினரோட தேவைய மேசையில வாசிக்க ஒரு செயற்குழு ஆள் பொறுப்பு. மொத தீர்மானத்த முன்மொழிய ஒருத்தர், வழிமொழிய ஒருத்தர் வேணும், ரெண்டாவதுக்கு துணைத்தலைவர் முன்மொழியுறேன்னு சொல்லியிருக்காரு. அதுக்கு அப்புறம் பொருளாளர்.