அச்சகம் கிடைத்துவிடும், கணக்குப் பார்க்க ஆள்?

ஆசிரியருக்கு வணக்கம்.

ஞாயிறு புத்தகப் பக்கத்தில், எந்தப் பதிப்பகத்தையும் நாடாமல் ஒருவர் தானே அச்சிட்டு வெளியிட்ட அறிவியல் நாவல் பற்றிய குறிப்பைப் பார்த்தோம். செவ்வாய்க் கோளில் பிறந்த சிறுமி பெரியவளாகும் கதை. நூலாசிரியரின் துணிச்சலைப் பாராட்டியிருந்தீர்கள். நியாயம்தான். ஆனால் இன்றைக்கு 100 பிரதி போதும் என்றாலும் அடித்துக்கொடுக்க டிஜிட்டல் அச்சகம் இருக்கிறது. சொந்தமாகப் பதிப்பிப்பவருக்குக் கிடைக்காதது வேறு: கதையின் கணக்கையும் தாளின் கணக்கையும் அச்சுக்கு முன் உட்கார்ந்து சரிபார்க்கும் ஆள். மெய்ப்பும் பக்க வடிவமைப்பும் பார்க்கிறவர்கள் என்ற முறையில், இந்த வகை நாவல்களில் பிழை எங்கே விழுகிறது என்று எழுதுகிறோம்.

முதல் வழுக்கல் வயதில். செவ்வாயின் ஓர் ஆண்டு 687 புவி நாள். நம் கணக்கில் 15 வயதுப் பெண்ணுக்கு அங்கே 8 வயது. ‘பத்தாவது பிறந்தநாள்’ என்று எழுதினால் அவள் இங்கே 19ஐத் தொடுகிறவள். அவளைப் பாவாடைச் சிறுமியாகக் காட்டினால் படிக்கிற பிள்ளையே பிடித்துவிடும். அங்கே ஒரு நாள் 24 மணி 39 நிமிடம் சொச்சம். அன்றாடம் காலையில் கண்டனூரில் இருக்கும் ஆயாவைக் கூப்பிடுகிறாள் என்றால், 18 நாளில் அவள் காலை ஆயாவின் இரவாகிவிடும். அத்தியாயம்தோறும் புவித் தேதி, செவ்வாய்த் தேதி, அவள் வயது, ஊரில் அப்போது மணி என்ன என்று நாலு கட்டம் போட்ட ஒரு தாள் போதும். எழுதத் தொடங்கும்போதே போட வேண்டும். 200 பக்கம் எழுதியபின் போட்டால் பாதியைத் திருப்பி எழுத நேரும்.

கூப்பிட்டவுடன் பதில் வருவது அடுத்த தவறு. செவ்வாய்க்கு ஒரு சொல் போய்ச்சேர, கோள்கள் இருக்கும் இடத்தைப் பொறுத்து, 3 முதல் 22 நிமிடம் ஆகும். “ஆயா, சாப்பிட்டாச்சா?” என்றால் “ஆச்சுடி” திரும்ப வருவதற்குள் முக்கால் மணி நேரம்கூட ஓடிவிடும். அதற்குள் அவள் கோபப்பட்டு இன்னொரு செய்தி அனுப்பியிருப்பாள்; இரண்டும் வழியில் குறுக்கிட்டுக்கொள்ளும். பதின்ம வயதுச் சண்டைக்கு இதைவிட நல்ல களம் ஏது? ஏறத்தாழ 26 மாதத்துக்கு ஒருமுறை சூரியன் நடுவில் வந்துவிடும். விண்கலங்களுக்குக் கட்டளை அனுப்புவதையே அப்போது சுமார் இரண்டு வாரம் நிறுத்திவைக்கிறார்கள். இதைத் தொந்தரவு என்று ஒதுக்கிவிடுகிறார்கள் பலர். கதையே அங்கேதான் இருக்கிறது.

செட்டிநாட்டு வீட்டுப் பிள்ளை என்றால் இன்னும் சுவை. திருவாதிரைப் புதுமை என்னும் சடங்குக்கு எந்த நிலவை வைத்து நாள் குறிப்பது? செவ்வாயின் நிலவான போபோஸ் 7 மணி 39 நிமிடத்தில் ஒரு சுற்று முடித்துவிடும். மேற்கே உதித்துக் கிழக்கே மறையும். பிள்ளையார் நோன்பு அதைவிடச் சிக்கல். 21 இழைத் திரியை மாவில் வைத்து ஏற்றிச் சுடரோடு வாயில் போட்டுக்கொள்ள வேண்டும். காற்றை அளந்து விடுகிற அடைத்த குடிலில் திறந்த சுடருக்கு யார் அனுமதி தருவார்? அப்பத்தா சொல் ஒரு பக்கம், குடியிருப்பின் விதி ஒரு பக்கம். 14 வயதுக்காரி நடுவில்.

காற்றுக்கும் கணக்கு உண்டு. ஓர் ஆளுக்கு நாளொன்றுக்கு ஏறத்தாழ 840 கிராம் ஆக்சிஜன் வேண்டும். நாசாவின் பெர்சிவரன்ஸ் ஊர்தியில் சென்ற மோக்ஸி கருவி, செவ்வாயின் கரியமில வாயுவைச் சுமார் 800 டிகிரிச் சூட்டில் மின்சாரத்தால் பிரித்து, 2021 முதல் 2023 வரை 16 முறை இயங்கி எடுத்தது மொத்தம் 122 கிராம். ஒருவர் மூன்றரை மணி நேரம் மூச்சுவிடக் காணும். ‘இயந்திரம் ஆக்சிஜன் தயாரித்தது’ என்று ஒரே வரியில் தாண்டுகிறவர்கள் இதைப் பார்க்க வேண்டும். மின்வேதியியலுக்கென்றே 1953 முதல் மத்திய ஆய்வகம் இயங்கும் ஊர் காரைக்குடி. இங்கிருந்து எழுதுகிறவர்கள் இதில் கோட்டைவிடுவது அழகல்ல.

மொழிக்கு வந்தால், ஒரே நூலில் ஆக்சிஜன், ஆக்ஸிஜன், பிராணவாயு மூன்றும் வரும். பள்ளிப் பாடநூலில் உள்ள சொல்லை எடுத்துக்கொண்டு, கடைசிவரை அதையே வைத்தால் போதும். பழைய எழுத்துருவில் அடித்து யூனிகோடுக்கு மாற்றிய கோப்பென்றால் ‘பௌர்ணமி’யைத் தனியே தேடிப் பாருங்கள். ஔகாரக் குறிக்குப் பதில் கொம்பும் ‘ள’ எழுத்தும் சேர்ந்து உட்கார்ந்திருக்கும். கண்ணுக்கு வித்தியாசம் தெரியாது. மின்னூலில் தேடினால் அந்தச் சொல் அகப்படாது.

தாளின் கணக்கு சுருக்கம். ஆப்செட்டில் டெம்மி அளவு நூல் 16 பக்கம் ஒரு பாரமாக, அதாவது சேர்த்து அச்சடிக்கும் ஒரு தொகுதியாக, ஓடும். 208 பக்கம் என்றால் சரியாக 13 பாரம். 210 ஆனால் அந்த 2 பக்கத்துக்காக இன்னொரு பாரம். மிச்சம் 14 பக்கம் வெள்ளை. முன்னுரையில் ஒரு பத்தியை வெட்டினால் தீர்கிற செலவு இது. அட்டையின் முதுகு அகலத்தை உத்தேசமாகப் போடக் கூடாது. அச்சடிக்கப்போகும் அதே தாளில் 104 தாளை அடுக்கி, அழுத்தி அளக்க வேண்டும். ஒன்றிரண்டு மில்லிமீட்டர் தவறினாலே தலைப்பு முன்னட்டைக்கு வழிந்துவிடும். தாளின் இழையோட்டம் (நார் ஓடும் திசை) முதுகுக்கு இணையாக இருக்கட்டும். குறுக்கே போனால் மழைக்காலத்தில் பக்கம் நெளியும், பசைக்கட்டு விட்டுப்போகும்.

நூலை அடையாளம் காட்டும் ஐஎஸ்பிஎன் எண்ணை ராஜா ராம்மோகன் ராய் தேசிய முகமையிடம் நூலாசிரியரே இலவசமாகப் பெறலாம். அச்சுநூலுக்கு ஒன்று, மின்னூலுக்கு வேறொன்று. 1954ஆம் ஆண்டுச் சட்டப்படி, வெளியான 30 நாளுக்குள் கொல்கத்தா தேசிய நூலகத்துக்கும் சென்னை கன்னிமாரா உள்ளிட்ட மூன்று நூலகங்களுக்கும் பிரதி போக வேண்டும். சொந்தப் பதிப்பாளர்கள் பலர் இதைச் செய்வதில்லை. நூல் சேகரிப்பாளரான கோட்டையூர் ரோஜா முத்தையா துண்டறிக்கையைக்கூட விடாமல் சேர்த்துவைத்தார். அவரைப் போல் இன்னொருவர் வந்து பத்திரப்படுத்துவார் என்று இருந்துவிட முடியுமா?

உங்களிடம் ஒரு வேண்டுகோள். இத்தகைய நூல்களின் குறிப்போடு பக்க அளவு, விலை, ஐஎஸ்பிஎன், எந்த வயதினருக்கு, மெய்ப்புப் பார்த்தது யார், பிரதி எங்கே கிடைக்கும் என்ற ஒரு வரியையும் சேர்த்து வெளியிடுங்கள். அந்தக் குறிப்பைப் படித்துவிட்டு நூலை வாங்க நினைத்தவர்களுக்கு இதில் எதுவும் அகப்படவில்லை.

இப்படிக்கு,
நூல் வடிவமைப்பாளர்கள், மெய்ப்புத் திருத்துவோர் சிலர்,
காரைக்குடி