பங்குதாரர் கையெழுத்து இல்லாமல் பொறுப்பு கூடாது

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

சிறு நிறுவனங்களுக்குக் கணக்கு எழுதுவது என் வேலை. சிங்கப்பூரில் தேக்கா பக்கம் அண்ணன் தம்பி, மாமன் மச்சான் என்று சேர்ந்து தொடங்கும் தனியார் நிறுவனங்களில் பங்குப் பணத்தை முழுதாகக் கட்டாதவர்களும் உண்டு. பங்கு 1 வெள்ளி என்று 10,000 பங்குக்கு ஒப்புக்கொள்வார்கள். கையில் இருக்கும் 2,500 வெள்ளியைக் கட்டிவிட்டு, மீதியை நிறுவனம் கேட்கும்போது கொடுப்பதாக ஏற்பாடு. அப்புறம் ஒருநாள், நிறுவனம் எப்படி நடக்கவேண்டும் என்று சொல்லும் அமைப்பு விதிகள் மாறும்; தொழிலே வேறாகிவிடும்.

“சாப்பாட்டுக் கடைக்குத்தானே பணம் போட்டேன், லாரி வாங்குவதற்கு நான் ஏன் கட்டவேண்டும்?” என்று கேட்பவர்கள் இருக்கிறார்கள். பழைய அமெரிக்க வழக்குகளில் இந்தக் கேள்விக்கு இடம் இருந்தது. சாலை போடும் நிறுவனம் ஒன்று தடத்தை மாற்றியதால், பங்குக்கு ஒப்புக்கொண்டவரை 1811ல் மாசசூசெட்ஸ் நீதிமன்றம் பணம் கட்டுவதிலிருந்து விடுவித்தது. ரயில் நிறுவனம் நீராவிக் கப்பல் வாங்க அமைப்புச் சாசனத்தைத் திருத்தியபோது 1843ல் நியூயார்க்கிலும் அப்படியே. சிங்கப்பூரில் அதை நம்பி இருக்க முடியாது. 75 விழுக்காட்டு வாக்கோடு சிறப்புத் தீர்மானம் போட்டு விதிகளை மாற்றலாம் என்று சட்டமே சொல்கிறது. பங்கு வாங்கியவர் அதற்கும் உட்பட்டுத்தான் உள்ளே வருகிறார். தொழில் மாறியது என்பதற்காக மட்டும் அந்த 7,500 வெள்ளி பாக்கி போய்விடாது.

ஆனால் அந்தப் பாக்கிக்கு மேல் நிறுவனம் பணம் கேட்டால்? இங்கேதான் நம்மவர்கள் தேவையில்லாமல் பயந்து பணிந்துபோகிறார்கள். சிங்கப்பூர் நிறுவனச் சட்டத்தின் 39(3) பிரிவு தெளிவாக இருக்கிறது. நீங்கள் பங்குதாரரான பிறகு செய்த விதிமாற்றம் உங்களை இன்னும் பங்கு வாங்கச் சொன்னாலோ, கட்டவேண்டிய தொகையைக் கூட்டினாலோ, நீங்கள் எழுத்தில் சம்மதிக்காதவரை அது உங்களைக் கட்டுப்படுத்தாது. மற்றவர்கள் எத்தனை பேர் கைதூக்கினாலும் சரி, உங்கள் சம்மதத்தை அவர்கள் தர முடியாது.

அந்தச் சம்மதத்தை மாற்றத்துக்கு முன்பும் தரலாம், பின்பும் தரலாம். எனக்குக் கவலை இதுதான். தனியார் நிறுவனங்கள் கூட்டம் போடாமலே தாளைச் சுற்றுக்கு விட்டுத் தீர்மானம் நிறைவேற்றலாம். அப்படி வந்த ஒரு தாளைக் கல்லாப்பெட்டி மேல் வைத்துக் கையெழுத்துப் போடப்போன பெரியவரை நான் தடுத்து நிறுத்தினேன். மேலே தீர்மானம்; கீழே, சிறிய எழுத்தில், கூடுதல் தொகைக்கும் சம்மதிப்பதாக ஒரு வரி. எல்லாம் ஆங்கிலத்தில். தம்பி மகன் நீட்டிய தாள் என்பதால் அவர் படித்தே பார்க்கவில்லை.

வாக்குக்கு ஒரு தாள், கூடுதல் பொறுப்பு ஏற்பதற்குத் தனித் தாள் என்று நிறுவனச் செயலாளர்கள் பிரித்துக் கொடுக்கவேண்டும். 39(3) பிரிவு என்ன சொல்கிறது என்பதைத் தமிழில் ஒரு பக்கம் எழுதி, நிறுவனங்களைப் பதிவுசெய்யும் அரசு அமைப்பான அக்ரா வெளியிட்டால் பேருதவி. இந்திய வர்த்தகர்களின் அமைப்புகள் அதைக் கேட்டுப் பெறவேண்டும். உங்கள் இதழும் ஒரு சட்டத்தரணியைக் கொண்டு விரிவாக எழுதவைக்கும்படி கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
வாசகர் ஒருவர்,
ஈசூன்