அது மிட்டாய் தின்று வந்த நோயல்ல

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சர்க்கரை நோயுள்ள பிள்ளைகளுக்காக மன்னார்குடி ஹரித்ராநதி தெப்பக்குளத்தைச் சுற்றி நாங்கள் நடத்திய ஓட்டத்தைப் பற்றித் திங்கட்கிழமை இதழில் செய்தி போட்டிருந்தீர்கள். நன்றி. 'மிட்டாய், இனிப்பு அதிகம் உண்பதால் சிறுவர்களிடமும் பரவி வரும் சர்க்கரை நோயை விரட்ட' ஓடினோம் என்று அதில் ஒரு வரி. என் மகள் அதைப் படித்துவிட்டு அன்று பள்ளிக்கூடம் போக மாட்டேன் என்றாள்.

அவளுக்கு ஐந்து வயதில் வந்தது டைப் 1 சர்க்கரை நோய். உடம்பின் எதிர்ப்புச் சக்தியே கணையத்தில் இன்சுலின் சுரக்கும் செல்களை அழித்துவிடும் நோய். ஒரு பிள்ளைக்கு ஏன் வருகிறது, கூடப் பிறந்ததற்கு ஏன் வரவில்லை என்று மருத்துவர்களாலேயே முழுதாகச் சொல்ல முடியவில்லை. மிட்டாய் காரணமில்லை என்று மட்டும் எல்லோரும் சொல்கிறார்கள். ஒருவரிடமிருந்து ஒருவருக்கு ஒட்டிக்கொள்வதும் இல்லை. ஆனால் என் மகள் பக்கத்தில் தன் பிள்ளையை உட்கார வைக்காதீர்கள் என்று டீச்சரிடம் வந்து சொன்ன தாயை நான் பார்த்திருக்கிறேன்.

இதெல்லாம் உங்களுக்குத் தெரியாததல்ல. நவம்பர் 14 வந்தால் உலக நீரிழிவு நாள் என்று நீங்களே பக்கம் ஒதுக்குகிறீர்கள். இன்சுலினைக் கண்டுபிடித்த பேண்டிங் பிறந்த நாள் அது. நமக்குக் குழந்தைகள் தினமும் அன்றுதான். அதனால்தான் ஐப்பசி அடைமழை என்று தெரிந்தும் அந்த வாரத்து ஞாயிற்றுக்கிழமையை விடாமல் பிடித்துக்கொண்டிருக்கிறோம். காவல் நிலையத்துக்கும் நகராட்சிக்கும் நடையாய் நடந்து அனுமதி வாங்குகிறோம்.

செய்தியில் கொடியசைத்தவர் பெயர், சால்வை போர்த்தியவர் பெயர், போர்த்திக்கொண்டவர் பெயர் எல்லாம் முறையாக வந்திருக்கின்றன. ஓட வந்தவர்கள் கட்டிய 200 ரூபாய் எங்கே போகிறது என்பது வரவில்லை. ரத்தத்தில் சர்க்கரை பார்க்கும் குளுக்கோமீட்டர் ஸ்டிரிப்புக்குப் போகிறது, ஐயா. எங்கள் பிள்ளைகளுக்கு இன்சுலின் அரசு மருத்துவமனையில் இலவசமாகக் கிடைக்கிறது. ஸ்டிரிப் கைக்காசு. நாளைக்கு நாலு தடவையாவது விரலைக் குத்திப் பார்க்க வேண்டும். கூலி வேலைக்குப் போகிற வீட்டில் மிச்சம் பிடிக்க வேண்டி, பார்க்காமலே ஊசி போடுகிறார்கள். ராத்திரி சர்க்கரை இறங்கி, தூக்கத்திலேயே பிள்ளைக்கு வலிப்பு வந்துவிடுகிறது.

நீங்கள் போட்ட படத்தில் ஒரு சிறுவன் தண்ணீர்ப் பந்தலில் குளுக்கோஸ் கரைத்துக் குடிக்கிறான். சர்க்கரை நோய்க்கு ஓடிவிட்டு இனிப்பைக் குடிக்கிறார்களே என்று மளிகைக் கடையில் என்னிடமே கேட்டார்கள். ஓடும்போது தசைகள் சர்க்கரையை இழுத்துக்கொள்ளும். போட்ட இன்சுலினைத் திரும்ப எடுக்க முடியாது. ரத்தத்தில் சர்க்கரை அளவு 70-க்குக் கீழே போனால் வேர்த்துக் கொட்டும், கை நடுங்கும், பேச்சுக் குழறும். உடனே 15 கிராம் சர்க்கரை கொடுத்து, 15 நிமிடம் கழித்து மறுபடி பார்க்க வேண்டும். அந்தக் குவளை அவன் மருந்து. உங்கள் நிருபர் பக்கத்தில் நின்ற எங்களில் ஒருவரைக் கேட்டிருந்தால் சொல்லியிருப்போம்.

கேட்காமலே முடிவு கட்டுவது எங்களுக்குப் பழகிவிட்டது. பரீட்சை நடுவே என் மகள் சட்டைப்பையிலிருந்து எடுத்த சாக்லேட்டைப் பிடுங்கி வைத்த ஆசிரியையும் கேட்கவில்லை. இப்படிப்பட்ட பிள்ளைகள் தேர்வறைக்குள் தின்பண்டமும் தண்ணீரும் கொண்டுபோகலாம் என்று சி.பி.எஸ்.இ. 2017-லேயே அனுமதித்துவிட்டது.

இன்னொன்றையும் சொல்லாமல் இருக்க முடியவில்லை. எங்கள் செய்திக்கு எதிர்ப்பக்கத்தில், 48 நாளில் இன்சுலினை நிறுத்தலாம் என்று ஒரு மூலிகை விளம்பரம். சர்க்கரை நோயைக் குணமாக்குவதாக விளம்பரம் செய்வதை 1954-ஆம் ஆண்டுச் சட்டமே தடுக்கிறது. 1922-இல் டொராண்டோவில் 14 வயதுப் பையனுக்கு முதன்முதலாக இன்சுலின் போடும் வரை, இந்த நோய் வந்த பிள்ளைகள் அதிக நாள் பிழைத்ததில்லை. இப்படி ஒரு விளம்பரத்தை நம்பி ஊசியை நிறுத்திய பக்கத்துக் கிராமத்துக் குழந்தையைத் தஞ்சாவூரில் தீவிர சிகிச்சைப் பிரிவில் போய்ப் பார்த்துவிட்டு வந்தவள் நான். வாந்தி ஓயவில்லை. மூச்சு இரைத்துக்கொண்டே கிடந்தது. அதன் தாய் அந்த விளம்பரத்தைக் கத்தரித்துப் பர்சில் வைத்திருந்தாள்.

நான் கேட்பது மூன்று வரித் திருத்தம். டைப் 1 இனிப்புத் தின்பதால் வருவதில்லை என்று ஒரு வரி. தீராத தாகம், அடிக்கடி சிறுநீர், படுக்கையை நனைப்பதை விட்ட பிள்ளை மறுபடி நனைப்பது, நன்றாகச் சாப்பிட்டும் இளைப்பது, இவை இருந்தால் அன்றைக்கே சர்க்கரை பார்க்க வேண்டும் என்று மற்ற இரண்டு வரி. செய்தி வந்த அதே பக்கத்தில் போடுங்கள். படம் வேண்டாம். எங்கள் குழுவின் பெயரும் வேண்டாம்.

இப்படிக்கு,
ஓட்ட ஏற்பாட்டுக் குழுவைச் சேர்ந்த ஒரு தாய்,
மன்னார்குடி.