‘பார்பிக்யூ’ பிரெஞ்சுச் சொல் அல்ல

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். கடந்த ஞாயிறு இணைப்பில் புதுச்சேரி உணவகங்களைப் பற்றி வந்த கட்டுரை, இறைச்சியை நெருப்பில் சமைக்கும் முறையைக் குறிக்கும் ‘பார்பிக்யூ’ என்ற சொல் ‘பார்ப் அ கியூ’ என்ற பிரெஞ்சுத் தொடரிலிருந்து பிறந்ததாகச் சொல்கிறது. தாடி முதல் வால் வரை ஆட்டை முழுதாகச் சுடுவதால் அந்தப் பெயராம். புதுச்சேரியில் இந்தக் கதையை எவரும் எளிதில் நம்பிவிடுவார்கள். அதனாலேயே அச்சில் ஏற்றும் முன் கூடுதல் கவனம் வேண்டும். ஒலியை மட்டும் வைத்துக் கட்டிய அபத்தமான ஊகம் என்று ஆக்ஸ்போர்டு ஆங்கில அகராதியே இதை ஒதுக்கியிருக்கிறது.

சொல் கரீபியன் தீவுகளின் டைனோ மக்களுடையது. கவைக்குச்சிகளை நட்டு, குறுக்கே கழிகளைப் பரப்பிய பரணுக்கு அவர்கள் வைத்திருந்த பெயரை ஸ்பானியர்கள் ‘பார்பகோவா’ என்று எழுதிக்கொண்டார்கள். டைனோ மக்கள் அதன் மேல் மீனையும் இறைச்சியையும் வைத்துக் கீழே நெருப்பு மூட்டினார்கள். படுத்து உறங்கவும் அப்படிப்பட்ட பரண் உதவியது. ஆங்கிலேயக் கடலோடி வில்லியம் டாம்பியர் 1697இல் வெளியிட்ட உலகப் பயண நூலில், தரையிலிருந்து மூன்றடி உயரத்தில் குச்சிகளால் கட்டிய பரண்களில் இரவைக் கழித்ததைச் சொல்லும் இடத்தில்தான் ‘போர்பெக்கு’ என்று இந்தச் சொல் வருகிறது. அங்கே ஆடும் இல்லை, அடுப்பும் இல்லை.

அதே நூலில்தான் சோழமண்டலக் கரையின் கட்டுமரத்தையும் அவர் விவரிக்கிறார். ஒன்றோ இரண்டோ இலேசான மரங்கள், பாயும் சுக்கானும் கிடையாது, துடுப்போடு ஒரே ஆள், கால்கள் எப்போதும் தண்ணீரில். ‘கட்டமரான்’ என்று ஆங்கிலத்துக்கும் பிரெஞ்சுக்கும் போனது நம் கரையின் சொல். அதைப் பிரெஞ்சுக்காரர்களின் சொல் என்று யாராவது எழுதினால் தேவனாம்பட்டினத்தில் நாங்கள் பொறுப்போமா? டைனோ மக்களுக்காக அப்படிக் கேட்பவர்கள் மிகக் குறைவு. 1492இல் கொலம்பஸ் வந்திறங்கிய சில பத்தாண்டுகளுக்குள் கட்டாய உழைப்பும் அம்மை நோயும் அவர்களில் பெரும்பாலோரைக் கொண்டுபோய்விட்டன. அவர்கள் விட்டுச்சென்ற சொல்லையும் இன்னொருவர் கணக்கில் எழுதுவது எனக்குப் பொறுக்கவில்லை.

பிரெஞ்சுக்காரர்களிடம் இந்தப் பரணுக்கு வேறு சொல் இருந்தது: ‘புக்கான்’. அதுவும் பிரேசிலின் டுப்பி மொழியிலிருந்து எடுத்ததே. அதில் இறைச்சியைப் புகையூட்டிய வேட்டைக்காரர்கள் ‘புக்கானியே’ ஆனார்கள். கடற்கொள்ளையரைக் குறிக்கும் ‘பக்கனீர்’ என்ற ஆங்கிலச் சொல் அங்கிருந்து வந்தது. டாம்பியரே அந்தக் கூட்டத்தில் இருந்தவர்தான். இன்றைய பிரெஞ்சில் வழங்கும் ‘பார்பிக்யூ’வோ ஆங்கிலத்திலிருந்து அங்கே போனது.

பொருளையும் கட்டுரை ‘கரியில் சுடுவது’ என்று ஒரே வரியில் முடித்துவிட்டது. அமெரிக்கத் தென் மாநிலங்களில் இதை ஒப்புக்கொள்ள மாட்டார்கள். தணலின் மேல் விரைவாகச் சுட்டால் அங்கே அது ‘கிரில்’. விறகுப் புகையில், தணிந்த சூட்டில், மணிக்கணக்காக வேகவிடுவதுதான் பார்பிக்யூ. ஆஸ்திரேலியாவில் இரும்புத் தகட்டில் வாட்டினாலும் பார்பிக்யூதான். அந்த அடுப்புக்கும் அதே பெயர், கூடி உண்ணும் விருந்துக்கும் அதே பெயர். ஜமைக்காவில் காப்பிக்கொட்டையைக் காயவைக்கும் களத்தையும் இப்படியே அழைத்திருக்கிறார்கள். பரப்பி வைக்கும் பரண் என்ற முதற்பொருளைத் தெரிந்துகொண்டால் இது உடனே விளங்கும். தாடியும் வாலும் இங்கே எதையும் விளக்காது.

பள்ளிப் பிள்ளைகள் வினாடி வினாவுக்காக உங்கள் ஞாயிறு இணைப்பை வெட்டிச் சேர்த்து வைக்கிறார்கள். ஆகவே திருத்தத்தை மூலையில் சிறிய எழுத்தில் போடாமல், கட்டுரை வந்த அதே பக்கத்தில், டைனோ மக்களின் பெயரோடு வெளியிட வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
வாசகர்,
தேவனாம்பட்டினம், கடலூர்.