அப்பாவின் காதைப் பற்றி

குளச்சல்

அன்புள்ள ராஜனுக்கு,

உன் கடிதம் கிடைத்தது. "அப்பாவுக்கு வேண்டியது மட்டும்தான் காதில் விழுகிறது" என்று எழுதியிருந்தாய். படித்ததும் நெஞ்சு உறுத்தியது. என் அண்ணனைப் பற்றி நானும் இதையேதான் பல வருடமாகச் சொல்லிக்கொண்டிருந்தேன்.

முப்பது வருடம் வள்ளத்தில் எஞ்சினுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தவர் அவர். போன மாதம் நாகர்கோவிலுக்குக் காது பரிசோதனைக்கு அழைத்துப் போனேன். வலது காதுக்குச் சிவப்பு வட்டம், இடது காதுக்கு நீலப் பெருக்கல் குறி போட்டு வரைபடம் ஒன்று தந்தார்கள். ஹெர்ட்ஸ் என்பது ஒலி எவ்வளவு கீச்சென்று இருக்கிறது என்பதன் அளவு; டெசிபல் என்பது அது காதில் விழ எவ்வளவு சத்தம் வேண்டும் என்பது, எண் கூடினால் கேள்வி குறைவு. இருப்பதில் நல்ல காதிலேயே 500 ஹெர்ட்ஸில் 20 டெசிபல், 1000இல் 35, 2000இல் 60, 4000இல் 75. முட்டத்துப் பாறைபோலக் கோடு சரிந்து இறங்குகிறது.

நான்கையும் கூட்டி வகுத்தால் 47.5. உலக சுகாதார நிறுவனம் 2021இல் வெளியிட்ட வகைப்பாட்டின்படி 35 முதல் 50 வரை ‘மிதமான’ இழப்பு. அந்தச் சொல்லை நம்பிவிடாதே, ராஜன். சராசரி அந்தச் சரிவை மறைத்துவிடுகிறது. அடித்தொண்டை ஒலிகள் கேட்கும், கீச்சொலிகள்தான் போகின்றன. கடல் இரைச்சலும் பஸ் சத்தமும் அண்ணனுக்குக் கேட்கின்றன, உயிரொலிகளும் கேட்கின்றன. பள்ளியில் வல்லினம் என்று படித்தோமே, அந்த க, ச, த, ப ஒலிகள்தான் நழுவிப்போகின்றன. படி, கடி, தடி மூன்றும் அவருக்கு ஒன்றே. கூப்பிடுவது தெரியும், சொன்னது புரியாது. அதைத்தான் நாங்கள் பிடிவாதம் என்றோம்.

காதுக்குப் பின்னால் எலும்பில் அதிர்வுக் கருவி வைத்தும் பார்த்தார்கள். எலும்பு வழியே நன்றாகக் கேட்டு, காற்று வழியே மட்டும் குறைந்தால் கோளாறு வெளிக்காதிலோ நடுக்காதிலோ இருக்கிறது: குறும்பி, ஓட்டை விழுந்த செவிப்பறை, நீர் கோத்தல். பெரும்பாலும் சரிசெய்துவிடலாம். இரண்டு வழியிலும் ஒரே அளவு குறைந்தால் உட்காது அல்லது நரம்பு. அண்ணனுக்கு உட்காது. அங்கு ஒலியை உணரும் மயிரணுக்கள் அழிந்தால் மனிதருக்கு மறுபடி முளைப்பதில்லை. இரண்டும் கலந்து வருவதும் உண்டு.

உன் அப்பாவுக்கு எந்த வகை என்பது பரிசோதித்தால்தான் தெரியும். வெறும் குறும்பியாகவும் இருக்கலாம். அதுவரை அவரிடம் கத்தாதே. சத்தம்தான் கூடும், தெளிவு கூடாது. எதிரில் உட்கார்ந்து, முகம் தெரிய, நிதானமாகப் பேசு.

திருவிழாவுக்கு வரும்போது அவரையும் அழைத்து வா. நாகர்கோவிலுக்கு நான் கூட வருகிறேன். அண்ணனும் வருவதாகச் சொல்கிறார். காதுக் கருவி பழகிக்கொண்டிருக்கிறார்.

அன்புடன்,
செல்வம்