சொல்லிக்கொடுத்தவர்களையும் எழுதுங்கள்

ஆசிரியருக்கு வணக்கம். அமெரிக்கக் கறுப்பின மக்களின் வாக்குரிமைப் போராட்டம் என்றாலே நம் பத்திரிகைகள் அலபாமா மாநிலத்தில் வாக்குரிமை கேட்டு நடந்த 1965 செல்மா ஊர்வலத்தோடு முடித்துக்கொள்கின்றன. அந்தத் தலைமுறை இளைஞர்களைத் தயார்செய்த மூத்தவர்களைப் பற்றிப் பேச்சே இல்லை.

1960இல் நியூயார்க்கிலிருந்து தெற்கிலுள்ள மிசிசிப்பி மாநிலத்துக்குப் போன கறுப்பின இளைஞர் பாப் மோசஸுக்கு வயது 25. கறுப்பர்களுக்கு இடம்தராத உணவகங்களில் உட்கார்ந்து மறியல் செய்வதுதான் அப்போது மாணவர்களிடையே பெரிய பேச்சு. மிசிசிப்பியின் கிளீவ்லாந்து என்ற சிற்றூரில் தபால் ஊழியராக இருந்துகொண்டே பல வருடம் அமைப்பு வேலை பார்த்த ஏம்சி மூர்தான், அதெல்லாம் இருக்கட்டும், முதலில் எங்கள் ஆட்களை வாக்காளர்களாகப் பதிவுசெய்ய உதவுங்கள் என்று பையனின் பாதையையே திருப்பிவிட்டார். பாடப்புத்தகம் படித்து வருகிற அறிவா இது?

தென் கரோலினாவின் ஜான்ஸ் தீவில், 1957இல், ஒரு கடையின் பின்னறையில் பெரியவர்களுக்கு வகுப்பு நடந்தது. சொல்லிக்கொடுத்தவர் பெர்னிஸ் ராபின்சன். பியூட்டி பார்லர் நடத்தியவர்! கையெழுத்துப் போடுவது, மணியார்டர் பாரம் நிரப்புவது, அப்புறம் வாக்காளர் பதிவுக்குப் போனால் வாசிக்கச் சொல்லும் மாநில அரசியல் சட்டப் பகுதி, இவ்வளவுதான் பாடம். பின்னணியில் இருந்தவர் அனுபவமுள்ள ஆசிரியை செப்டிமா கிளார்க்.

உங்கள் மாணவர் பக்கத்தில் இந்த வகுப்பைப் பற்றி ஒரு கட்டுரை போட முடியுமா? படங்களோடு வந்தால் இன்னும் நல்லது.

— ஒரு வாசகர், திண்டுக்கல்